மேற்கு மூலை ஐஸ்

அத்தியாயம் 17

நோரீனைப் போன வாரம் குளியலறையில் விட்டுவிட்டு வந்தோம். தோட்டத்து ஹோஸைக் குளியல் தொட்டியில் படுக்கப் போட்டு, அதன்மேல் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாய்ச்சி முடித்ததும் ஹோஸை வடித்துச் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது கனடாவில் எங்கள் தண்டர் பே ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நோரீன் ஒரு வாய் காப்பிக்காக உள்ளே வந்தாள். திரும்பிப் போனபோது அது ஹோஸாக இல்லை, உறைந்து உலக்கையாக இருந்தது.

அது புதன்கிழமை. இன்று சனிக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டை விற்கும் காகிதங்களோடு வீட்டுத் தரகர் திருமதி மக்ரே வரப்போகிறார்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. நோரீனின் கணவன் ரவுனோ நவம்பரில் கூரைமேல் ஏறிப் பனியைத் தள்ளினான். பனியோடு சேர்ந்து தானும் இறங்கினான். தொடை எலும்பு முறிந்து, இப்போது இரண்டு ஊன்றுகோல். இருபத்தெட்டு குளிர்காலமாக வீட்டின் பின்பக்கம் பலகை அடித்து, பிளாஸ்டிக் விரித்து, தெருவே வந்து சறுக்குகிற மாதிரி ஐஸ் தளம் போட்டவன் அவன். இந்த வருஷம் முடியாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான். ஐஸ் போட ஆளில்லாத வீடு எதற்கு, விற்றுவிட்டு அடுக்குமாடிக்குப் போய்விடலாம் என்றான்.

"நான் போடறேன்" என்றாள் நோரீன்.

ரவுனோ சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம். அங்கேயே பந்தயம் வைத்துவிட்டாள். சனிக்கிழமை நாலு மணிக்குள் ரவுனோவின் தம்பி வெய்க்கோ அந்த ஐஸில் மூன்று சுற்று வர வேண்டும். ஐஸ் தாங்கினால் திருமதி மக்ரே வந்த வழியே போகலாம். தாங்காவிட்டால் இரண்டு பேரும் கையெழுத்து. வெய்க்கோவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், பக்கத்து வீட்டுக்காரன் என்பது ஒன்று. நூற்றுப் பதினைந்து கிலோ என்பது இன்னொன்று.

காலை ஆறரைக்கு நோரீன் வெளியே வந்தாள். மைனஸ் இருபத்திரண்டு. பூட்ஸ் குதிகாலால் ஐஸை ஒரு தட்டுத் தட்டினாள். 'ணங்' என்றது. ஒரு வாரத்துக்கு முன் இந்தச் சத்தத்துக்கும் வேறு எந்தச் சத்தத்துக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. இப்போது தெரிகிறது. கெட்டியாக உறைந்த ஐஸ் 'ணங்' என்னும், அரைகுறையாக உறைந்தது 'தொப்' என்னும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 'தொப்' என்ற இடத்தில் இரண்டு தடவை கால் நனைந்தது, அவ்வளவுதான்.

முதல் நாள் அவள் செய்த கூத்தை பின்வீட்டில் இருக்கும் நான் என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ரோஜாச் செடிக்குப் பாய்ச்சுகிற மாதிரி ஒரே மூச்சில் தண்ணீரை விட்டாள். அந்தத் தோட்டம் மேற்கே சரிவு. கிழக்கில் இரண்டு விரல் தண்ணீர் நின்றால் மேற்கில் முக்கால் முழம் நிற்கும். மேலே ஏடு கட்டியது, அதன்மேல் பனி பெய்தது, எல்லாம் சேர்ந்து கஞ்சியாகிவிட்டது. ஏட்டுக்கு மேலிருந்த கஞ்சியைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிறகு மெல்லிசு மெல்லிசாக, தோசைக்கு எண்ணெய் விடுகிற கணக்கில் பாய்ச்சப் பழகினாள். இன்று பார்த்தால் மேற்கு மூலையும் மற்ற இடம் மாதிரியே வெள்ளையாகத்தான் இருந்தது.

ஜன்னலில் ரவுனோ வந்து நின்றான். ஊன்றுகோலால் கண்ணாடியை மூன்று தட்டு தட்டினான். மூன்று தட்டு என்றால் 'மேற்கே போ'. இரண்டு தட்டு என்றால் 'போதும், நிறுத்து'. இந்தத் தந்தி பாஷையை இந்த வாரம் முழுக்க நடத்திக்கொண்டிருந்தான். நோரீன் கம்பளித் தொப்பியை இன்னும் கொஞ்சம் காதுக்குக் கீழே இழுத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு வேலிக்கு மேலே வெய்க்கோவின் தலை தெரிந்தது.

"என்ன அண்ணி, சூப்பு எந்த அளவுல இருக்கு?"

"உனக்கு ஒரு தட்டு எடுத்து வச்சிருக்கேன். மூணரைக்கு வந்து குடிச்சிட்டுப் போ."

"நான் காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. உங்களுக்காகத்தான். ஒரு கிலோவாவது குறையட்டும்னு."

"பொய் சொல்லாத. மீசைல வெண்ணெய் இருக்கு."

வெய்க்கோ மீசையைத் துடைத்துக்கொண்டு ஐஸை எட்டிப் பார்த்தான். "கிழக்குப் பக்கம் மேடு தட்டுதே. பரவால்ல விடுங்க, அண்ணன் போட்டாலும் அங்க மேடுதான். இருபத்தெட்டு வருஷமா அந்த இடத்துல வந்து தடுக்கி விழாதவன் இந்தத் தெருவுல கிடையாது."

நோரீன் நிமிர்ந்தாள். "ரவுனோ போட்டாலுமா?"

"அண்ணன்கிட்ட இதை யாரு சொல்றது? நான் சின்னவன்."

வெய்க்கோ போய்விட்டான். நோரீன் அங்கேயே நின்றாள். முப்பத்திநாலு வருஷக் குடித்தனத்தில் ரவுனோவின் ஐஸில் குறை இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவளுடைய வேலை எப்போதும் உள்ளே காப்பி போடுவது. ஜன்னலிலிருந்து பார்த்தால் எல்லா ஐஸும் சமமாகத்தான் தெரியும்.

புதன்கிழமை நடந்த ஒன்று அப்போது ஞாபகம் வந்தது. தொட்டியில் இளக்கிய ஹோஸை வெளியே இழுத்து வந்தபோது அதிலிருந்து வெந்நீர் வழிந்து பின்படியருகே தேங்கியது. அது உறைந்தபின் கால் வைத்தவள் விழப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர் உறைந்த இடமெல்லாம் சொரசொரவென்று இருக்க, அந்த ஒரு சாண் இடம் மட்டும் கண்ணாடி போல இருந்தது. சுடுதண்ணீர் பழைய ஐஸின் மேல்தோலைக் கொஞ்சம் கரைத்து, அதோடு ஒட்டி உறைகிறது. அப்படியானால் மேட்டையும் கரைக்கும்.

ஆனால் வீட்டுக் கொதிகலனில் அவ்வளவு வெந்நீர் கிடைக்காது. நூறு லிட்டராவது வேண்டும். நூறு லிட்டர் வெந்நீர் இந்த வீட்டில் ஒரே ஒரு இடத்தில், வாரத்தில் ஒரே ஒரு நாள் இருக்கும்.

தோட்டத்துக் கோடியில் இருக்கிற சவ்னாவை, அந்த நீராவிக் குளியல் கொட்டகையைப் பார்த்தாள். புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது.

ஃபின்லாந்து வழி வந்த குடும்பங்களில் சனிக்கிழமை சவ்னா என்பது சனிக்கிழமை மாதிரி. அது வராமல் போகாது. காலையில் விறகு போட்டால் கல் பழுக்கும், பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் காயும், சாயங்காலம் நீராவியில் உட்கார்ந்து அந்த வெந்நீரில் குளிப்பார்கள். பிறகு காப்பியும், புல்லா என்கிற ஏலக்காய் ரொட்டியும். அந்தத் தண்ணீரை வேறொன்றுக்கு எடுப்பதை ரவுனோவின் அப்பா பார்த்திருந்தால் வீட்டைவிட்டே துரத்தியிருப்பார்.

நோரீன் இரண்டு வாளிகளை எடுத்துக்கொண்டாள்.

சவ்னாவின் முன்னறையில், துணி மாற்றும் பெஞ்சின்மேல், அவளுடைய நீல மஃப்ளரால் மூடிய ஒரு பாத்திரம் இருந்தது. அவள் வைக்கவில்லை. மஃப்ளரைத் தூக்கினாள். உள்ளே மாவு. ஏலக்காய் வாசனை. மாவு பாத்திரத்தின் அடியில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

பின்னால் கதவு திறந்தது. இரண்டு ஊன்றுகோல் முதலில் வந்தன, பிறகு ரவுனோ வந்தான்.

அவன் வாளிகளைப் பார்த்தான். அவள் மாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்டார்கள்.

"அது என் குளிக்கிற தண்ணி" என்றான் ரவுனோ.

"இது என் மஃப்ளர்."

"நீ ஒரு வாரமா ரொட்டி சுடல. நானும் சொல்லிக்காட்டல. ஆனா சனிக்கிழமையும் ரொட்டி இல்லன்னா எப்படி? அதான் நீ ரொட்டிக்கு எழுதி வச்ச சீட்டை எடுத்துப் படிச்சேன். அதுல என்ன இருக்கு, அஞ்சு வரிதானே." பாத்திரத்தை எட்டிப் பார்த்தான். "உப்பியிருக்கா?"

"நீயே பாரு."

"சூடான இடத்துல வைன்னு போட்டிருந்துச்சு. இதைவிடச் சூடான இடம் எங்க இருக்கு? கொஞ்ச நேரம் ஆனா உப்பும்."

அது உப்பாது. நோரீனுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பாலைக் கொதிக்கக் கொதிக்க ஈஸ்ட்டில் ஊற்றியிருக்கிறான், ஈஸ்ட் செத்துப்போய்விட்டது. நாக்கு நுனிவரைக்கும் வந்தது. முப்பத்திநாலு வருஷமாக இவள் சுட்ட ரொட்டியைத் தின்றுவிட்டு ஒரு தடவைகூட எப்படி என்று கேட்காதவன். சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வாரம் முழுக்கக் கண்ணாடியில் கேட்ட 'டக் டக் டக்' அவள் காதில் இன்னும் இருந்தது. அந்தச் சத்தம் எவ்வளவு எரிச்சல் என்று அவளுக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டாள்.

"பார்க்கலாம்" என்றாள்.

"சுடுதண்ணிய ஐஸ்ல ஊத்தப் போறியா? பைத்தியமா உனக்கு? ஆறு நாள் வேலை கரைஞ்சுபோயிடும்."

"பார்க்கலாம்" என்றாள் மறுபடியும்.

ரவுனோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாவைப் பார்த்தான். அவனும் மூடிக்கொண்டான்.

வியாழக்கிழமையே அவள் ஒரு கருவி செய்து வைத்திருந்தாள். பிளாஸ்டிக் குழாயில் வரிசையாக ஓட்டை போட்டு, அதைச் சுற்றிப் பழைய துண்டைக் கட்டி, தண்ணீர் விட ஒரு புனல். ரவுனோவின் டிரில்லை அந்த வீட்டில் வேறு யாரும் தொட்டதில்லை. முதல் ஓட்டை கோணல். நாலாவது கொஞ்சம் தேவலை. எட்டாவது ஓட்டை நட்ட நடுவில் நேராக இறங்கியபோது, ஆளில்லாத கொட்டகையில் அவள் "அப்படிப் போடு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். குளிர்ந்த தண்ணீரை ஊற்றி அப்போதே இழுத்துப் பார்த்தாயிற்று. வெந்நீருக்குத்தான் இன்றைக்கு முதல் நாள்.

கிழக்குக் கோடியிலிருந்து பின்பக்கமாக நடந்தாள். ஈரத் துண்டு ஐஸைத் துடைத்துக்கொண்டே வந்தது. ஆவி இடுப்புவரை எழுந்தது. மேடு இருந்த இடத்தில் மூன்று தடவை போய் வந்தாள். ஒவ்வொரு தடவையும் குழாய் அவள் கையில் கொஞ்சம் குறைவாக எகிறியது. நாலாவது தடவை எகிறவே இல்லை. ஆவி கலைந்ததும் பார்த்தாள். வானம் அதில் தெரிந்தது.

அந்த நிமிஷம் அவளுக்கு வீடு, பந்தயம், திருமதி மக்ரே எதுவும் ஞாபகமில்லை. ஐம்பத்தெட்டு வயதில், கை விரல்கள் விறைத்துப்போன நிலையில், அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

மூன்றரைக்கு வெய்க்கோ ஸ்கேட்டோடு வந்தான். ரவுனோ பின்படியில் நாற்காலி போட்டுக் கம்பளி போர்த்தி உட்கார்ந்தான். நான் என் ஜன்னலை விட்டு நகரவில்லை, மறைப்பானேன்.

முதல் சுற்று. ஐஸ் சின்னச் சத்தம்கூடப் போடவில்லை.

இரண்டாவது சுற்றில் வெய்க்கோ கிழக்குப் பக்கம் வந்ததும் பழக்கதோஷத்தில் முழங்காலை மடக்கித் தடுக்கலுக்குத் தயாரானான். தடுக்கவில்லை. நின்று திரும்பிப் பார்த்தான். அதே இடத்தில் மறுபடியும் போய் வந்தான்.

"அண்ணே, இங்க மேட்டைக் காணோம்."

"எந்த மேடு?" என்றான் ரவுனோ.

வெய்க்கோ வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது தெரிந்து மூன்றாவது சுற்றுக்கு வேகமாகக் கிளம்பினான். மேற்கு மூலையில் திரும்பினான்.

'மொறுக்' என்றது. ஒரு கால் முழங்கால்வரை உள்ளே போய், நூற்றுப் பதினைந்து கிலோவும் ஐஸில் உட்கார்ந்தது.

யாருக்கும் அடி இல்லை. ஆழமே முக்கால் முழம்தானே. வெய்க்கோ பள்ளத்துக்குள் காலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணியே இல்ல அண்ணி, காலியா இருக்கு" என்றான்.

நோரீன் ஓடி வந்து மண்டியிட்டாள். பள்ளத்துக்குள் கையை விட்டாள். மேலே நாலு விரல் ஐஸ், அதற்குக் கீழே வெறும் காற்று, அடியில் பிளாஸ்டிக். விரலால் தடவிக்கொண்டே போனாள். பலகையின் ஆணி பிளாஸ்டிக்கைக் கிழித்திருந்தது.

"ஓ" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. "முதல் நாள் மேல ஏடு கட்டினப்பவே கீழ இருந்த தண்ணி இந்த ஓட்டை வழியா வடிஞ்சு போயிருக்கு. நான் மூடி மேல மூடியா போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். இதை உடைச்சுட்டு, ஈரப் பனிய அழுத்தி அடைச்சு, மெல்லிசா பாய்ச்சினா ரெண்டு நாள்ல சரியாயிடும். இங்க பாரு வெய்க்கோ, கைய விட்டுப் பாரு, எப்படித் தெளிவா தெரியுது."

வெய்க்கோ கையை விடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் நோரீனுக்கு உறைத்தது. ஐஸ் தாங்கவில்லை. வீடு போயிற்று.

வாசலில் கார் வந்து நின்றது.

சமையலறை மேஜையில் திருமதி மக்ரே காகிதங்களை விரித்தார். நோரீன் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். சொன்ன சொல் சொன்னதுதான் என்று நினைக்கிற ஜாதி அவள்.

"பேனா குடுங்க" என்றாள்.

"முதல்ல காப்பி" என்றான் ரவுனோ. ஊன்றுகோலோடு அடுப்பிலிருந்து மேஜைக்கு நாலு தடவை நடந்தான். யாரையும் உதவ விடவில்லை. ஒரு தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். அதில் ரொட்டி இருந்தது, அல்லது ரொட்டி என்று அவன் சொன்ன ஒன்று. ஒரு விரல் உயரம். வெட்டியபோது கத்தி பலகை அறுக்கிற சத்தம் போட்டது.

திருமதி மக்ரே மரியாதைக்கு ஒரு துண்டைக் கடித்தார். அவசரமாகக் காப்பியை எடுத்து இரண்டு மடக்குக் குடித்தார்.

"கல்லு மாதிரி இருக்குல்ல?" என்றான் ரவுனோ. அவன் குரலில் வருத்தமே இல்லை. "நோரீன், இங்க வா. ஒண்ணு காட்டறேன்."

ஜன்னல் கட்டையில் இரண்டு காப்பிக் கோப்பைகள் இருந்தன. ஒன்றில் பழுப்புத் தண்ணீர் அப்படியே கிடந்தது. மற்றதில் நுரை விளிம்புவரை பொங்கியிருந்தது.

"நீ வெளிய சுடுதண்ணி இழுத்துக்கிட்டு இருந்தப்ப எனக்கு ஒரு சந்தேகம். மாவு ஏன் எழும்பல? பாலைத் தவிர வேற எதையும் நான் சூடாக்கலயே. அதனால மிச்சமிருந்த ஈஸ்ட்டை ரெண்டா பிரிச்சேன். ஒண்ணுல கொதிக்கிற தண்ணி, ஒண்ணுல விரல் பொறுக்கிற தண்ணி. பாரு. பாலு ஆறணும், நோரீன். விரலை விட்டுப் பார்த்து ஆறணும். உன் சீட்டுல அது எழுதியே இல்ல."

"எனக்குத் தெரியும்கிறதால எழுதல."

"சவ்னாவுலயே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ ஜன்னல்ல தட்டினப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியணும்ல."

ரவுனோ கோப்பையில் பொங்கிய நுரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான். "உடைஞ்சு விழுந்த ஐஸைப் பார்த்து நீ சிரிச்சே. அந்தப் பள்ளத்துல கைய விட்டுக்கிட்டு சிரிச்சே. நான் படியிலேர்ந்து பார்த்தேன். இருபத்தெட்டு வருஷத்துல நான் அப்படிச் சிரிச்சது முதல் ரெண்டு வருஷம்தான். அப்புறம் எல்லாம் எனக்குத் தெரியும்னு ஆயிடுச்சு. ஏறி விழுந்த அன்னிலேர்ந்து நான் எதுக்கும் ஆகமாட்டேன்னு உட்கார்ந்திருந்தேன். இன்னிக்கு இந்த நுரை எழும்பினப்ப, யாரையாவது கூப்பிட்டுக் காட்டணும் போல இருந்துச்சு."

நோரீன் அடக்கி வைத்திருந்தது இப்போது வந்துவிட்டது. கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ரவுனோ மேஜைக்குத் திரும்பி, காகிதங்களை ஒன்றாக அடுக்கி, திருமதி மக்ரேயின் பக்கம் நகர்த்தினான்.

"மன்னிச்சுக்குங்கம்மா. பந்தயத்துல நான்தான் ஜெயிச்சேன். ஜெயிச்சவன் வேண்டாங்கறேன். அடுத்த சனிக்கிழமை நான் மறுபடியும் ரொட்டி சுடணும். இவ அந்த மூலையை அடைக்கணும். சுடுதண்ணி வித்தையை எனக்குக் காட்டணும். இதெல்லாம் அடுக்குமாடில நடக்காது."

"காட்டமாட்டேன்" என்றாள் நோரீன். "நாற்காலியை ஐஸ் ஓரத்துல போடறேன். உட்கார்ந்தே குழாயைப் பிடி. நீயே தெரிஞ்சுக்குவ."

திருமதி மக்ரே பெருமூச்சோடு காகிதங்களைப் பைக்குள் வைத்தார். "உங்க இஷ்டம். ஆனா வாங்க இருந்தவருக்கு நான் என்ன பதில் சொல்றது? பேரை வெளிய சொல்லக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருக்காரு. இந்த வீட்டைத் தவிர வேற எதையும் பார்க்கவே மாட்டேங்கறாரு. தினமும் ரெண்டு தடவை போன் பண்றாரு."

"யாரு அப்படி நம்ம வீட்டு மேல கண்ணு வச்சவன்?" என்று ரவுனோ சிரித்தான்.

வெய்க்கோ சிரிக்கவில்லை. ஸ்கேட் கழற்றிய வெறும் காலுறையோடு சட்டென்று எழுந்து, "காப்பி எல்லாருக்கும் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று அடுப்புப் பக்கம் போனான்.

நோரீன் அவன் முதுகையே பார்த்தாள். முப்பத்திநாலு வருஷத்தில் வெய்க்கோ இந்த வீட்டில் தன் காப்பியைத் தானே ஊற்றிக்கொண்டதுகூடக் கிடையாது.